மூளை அவசரத்தில் முதல் நிமிடங்கள்: தாதியருக்கும் வீட்டாருக்கும் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாரிசவாதம், வலிப்பு, தலையடி, மயக்கம் பற்றியவை. எழுதியவர்களில் தாதியரும் உண்டு, வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்களும் உண்டு. மருத்துவ விடுதியிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கடமை பார்க்கும் தாதிய உத்தியோகத்தர்கள் பதில் தருகிறார்கள். இங்கே வரும் மருந்தளவுகள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. வைத்தியரின் கட்டளையோடு மட்டும் கொடுக்க வேண்டியவை.

கேள்வி: சுயநினைவு இல்லாத ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். கூட வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வைத்தியர் வர ஐந்து நிமிடமாகும். அதற்குள் எதை முதலில் செய்வது?
– தாதி ஒருவர், மூதூர்

பதில்: காற்றுப்பாதை. மயங்கியவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். குறட்டை போலச் சத்தம் கேட்டால் ஆழ்ந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். பாதை பாதி அடைபட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். தாடையை முன்னால் தூக்குங்கள். விபத்து, விழுந்தார் என்று யாராவது சொன்னால் கழுத்தைப் பின்னால் சாய்க்கக் கூடாது. ஒருவர் தலையை இரு கையாலும் நேராகப் பிடிக்க, மற்றவர் தாடையை மட்டும் தூக்க வேண்டும். வாயில் சத்தி, இரத்தம், வெற்றிலைச் சக்கை, கழன்ற பல்செட் எது இருந்தாலும் எடுங்கள். ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழ் என்றால் ஒட்சிசன் கொடுங்கள்; மூச்சு மிக மெதுவாகவோ ஆழமில்லாமலோ இருந்தால் முகமூடி போதாது, ஆம்பு பையால் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) மூச்சுக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சீனி அளவு. கனூலா (நாளத்துக்குள் போடும் சிறு குழாய்) போடும்போது வரும் இரத்தத் துளியிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துவிடலாம். சீனி இறங்கியவருக்கு ஒரு பக்கக் கை கால் விழலாம், வலிப்பும் வரலாம். பார்த்தால் பாரிசவாதம் போலவே இருக்கும். 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழ் என்றால் 50 வீத டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக் கரைசல்) 50 மி.லீ., பெரிய நாளம் ஒன்றில், மெதுவாக. முன்னும் பின்னும் சேலைன் (உப்புக் கரைசல்) செலுத்துங்கள், ஏனென்றால் நாளத்துக்கு வெளியே கசிந்தால் அது தசையை அரித்துவிடும். அதிகம் குடிப்பவர் என்றால் தயமின் ஊசியும் சேர வேண்டும். ஆனால் தயமினைத் தேடிக்கொண்டு டெக்ஸ்ட்ரோஸைத் தாமதிக்கக் கூடாது. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசை பாவிப்பவர் எழுந்து பேசிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த மருந்தின் வேலை நீடிப்பதால் சீனி மறுபடி இறங்கும். அந்த நாள் முழுவதும் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். நோன்பு காலத்தில் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றாமல் விட்டவர்கள் இப்படி வருவதுண்டு.

பிறகு சுயநினைவு அளவு, கண்மணிகள், நாடி, பிரஷர், உடல் வெப்பம். இரு கண்மணிகளும் ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் நுரையும் வியர்வையும் இருந்தால் பூச்சிமருந்தை நினையுங்கள். வயல் பிரதேசத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

கூட வந்தவர்களிடம் ஆளுக்கொரு கதை கேட்காமல் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “கடைசியாக இவர் நன்றாக இருந்ததை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு?” அந்த நேரத்தைக் கையோடு எழுதிவையுங்கள்.

கேள்வி: மிஸ், அப்பாவுக்குக் காலையில் வாய் கோணி வலது கை விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி சூடாகக் கோப்பி பருக்கச் சொன்னா. பிரஷர் கூடியிருக்கும் என்று நாங்களும் பிரஷர் குளிசை ஒன்று கூடுதலாகக் கொடுத்தோம். நாங்கள் செய்தது சரியா?
– வாசகி, நிலாவெளி

பதில்: பதறிப்போன நேரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அது. ஆனால் இரண்டுமே வேண்டாம். பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்துபோகும். கோப்பி வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனால் மூன்றாம் நான்காம் நாளில் நியூமோனியா. சிலருக்கு இருமல்கூட வராது, அதனால் நன்றாகக் குடித்துவிட்டார் என்றே தோன்றும். தண்ணீர், குளிசை, தேன், எதுவும் வாய்வழியே கூடாது.

பிரஷர் கூடியது, அடைபட்ட குழாயைத் தாண்டி மூளைக்கு இரத்தம் அனுப்ப உடல் செய்யும் முயற்சியாகவும் இருக்கலாம். அதைத் திடீரென்று இறக்கினால் தப்பியிருக்கக்கூடிய பகுதியும் செத்துப்போகும். அஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது சி.ரி. ஸ்கான் பார்த்த பிறகுதான் தெரியும். கசிவாக இருந்தால் அஸ்பிரின் கேடு செய்யும்.

செய்ய வேண்டியது: 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். பாவிக்கும் மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் வோபரின் போன்ற குளிசை அதில் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. உறைவைக் கரைக்கும் ஊசியை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால் எழுந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, படுத்த நேரத்தையே எடுப்போம். அதனால்தான் துருவித் துருவிக் கேட்கிறோம். “சுபஹு பாங்கு சொல்லும்போது எழும்பி வுழூ செய்தார், நன்றாகத்தான் இருந்தார்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரியே அவருக்கு ஊசி கிடைக்கக் காரணமாகலாம்.

கேள்வி: இரவுக் கடமைத் தாதி சுயநினைவு அளவு 11 என்று எழுதியிருக்கிறார். காலையில் நான் பார்த்தால் 9. இது நோயாளி மோசமானதா, நாங்கள் இருவரும் வேறு வேறாகப் பார்த்ததா? வைத்தியர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.
– பயிற்சித் தாதி, திருகோணமலை

பதில்: இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவை. சுயநினைவை எண்ணால் அளக்கும் கிளாஸ்கோ அளவையை 1974இல் டீஸ்டேலும் ஜெனெட்டும் உருவாக்கியதே, பார்ப்பவர் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது என்பதற்காகத்தான். நாம் அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கியதும் அந்தப் பயன் போய்விடுகிறது. கண் 4, பேச்சு 5, அசைவு 6 (இவை முழுப் புள்ளிகள், மொத்தம் 15) என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். “9” என்று மட்டும் எழுதினால் பேச்சு குறைந்ததா, அசைவு குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. அசைவில் ஒரு புள்ளி இறங்குவது கண்ணில் ஒரு புள்ளி இறங்குவதைவிடப் பாரதூரமானது.

எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம். தொட்டு எழுப்புவதற்கு முன் சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள், தானாகக் கண் திறந்திருக்கிறாரா? பிறகு பேச்சு, அதன் பிறகே வலி. பேச்சைச் சோதிக்கும்போது அவருடைய மொழியில் கேளுங்கள். நம் ஊர் விடுதியில் சிங்களம் மட்டும் தெரிந்தவரும் தமிழ் மட்டும் தெரிந்தவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். புரியாத மொழியில் கேட்டுவிட்டு ‘குழப்பம், 4’ என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். மாதம் கேட்டால் வயதான விவசாயி ஆவணி என்பார், இன்னொருவர் றமழான் என்பார். சரியாக இருந்தால் முழுப் புள்ளி. காது கேட்கிறதா என்பதையும் பாருங்கள்.

“கையைப் பிடியுங்கள்” என்றால் பிடிப்பது வெறும் அனிச்சையாக இருக்கலாம். விடவும் சொல்லுங்கள்; சொன்னபடி விட்டால்தான் 6. வலி கொடுக்க வேண்டுமானால் தோள்பட்டைத் தசையை இரு விரலால் நசுக்குங்கள், அல்லது புருவ எலும்பின் உட்பக்கப் பள்ளத்தில் அழுத்துங்கள். முகத்தில் முறிவு இருந்தால் புருவத்தைத் தொடாதீர்கள். பத்து விநாடி வரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நெஞ்செலும்பைத் தேய்க்கும் பழக்கம் தோலைக் கன்ற வைக்கும், அதை விட்டுவிடலாம். கை காறை எலும்புக்கு மேலே எழுந்து வலிக்கும் இடத்தைத் தேடி வந்தால் 5. மடக்கி விலக்கினால் 4. மணிக்கட்டு உள்ளே மடங்கி மெதுவாக இறுகினால் 3. முழங்கை நீண்டு விறைத்தால் 2. நகத்தை அழுத்தும்போது விரல் சட்டென்று விலகுவது முள்ளந்தண்டு மட்டத்து அனிச்சையாகவும் இருக்கலாம், அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இரு கைகளில் நன்றாக அசையும் கைக்கே புள்ளி. மற்றக் கையின் தளர்ச்சியைத் தனியாகக் குறியுங்கள். கண் வீங்கி மூடியிருந்தாலோ தொண்டையில் குழாய் இருந்தாலோ 1 என்று போடாமல் காரணத்தை எழுதுங்கள்.

கண்மணி அளவை வெளிச்சம் அடிப்பதற்கு முன் பாருங்கள், மில்லிமீற்றரில் எழுதுங்கள். ஒரு பக்கம் புதிதாக விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காவிட்டால் மூளை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவரின் கண்மணி முன்பே ஒழுங்கில்லாமல் இருக்கலாம், வந்தவுடன் கேட்டு எழுதிவிட்டால் நடு இரவில் பதற வேண்டியதில்லை. பிரஷர் ஏறி, நாடி இறங்கி, மூச்சு ஒழுங்கு கெடும் மூன்றும் சேரும்வரை காத்திருக்கக் கூடாது. அது கடைசிக் கட்டத்தில்தான் வரும். அதற்கு முன்னரே அமைதியின்மை, கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்பச் சத்தி, புதிய தூக்கச்சோர்வு வந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருவோம். கடமை மாறும்போது போகிறவரும் வருகிறவரும் கட்டிலடியில் சேர்ந்து நின்று ஒரே தடவை பாருங்கள். ஒரு நிமிடம்தான் செலவாகும். அதன் பிறகு ஒரு புள்ளி மாறினாலும் மாறியது நோயாளி என்று துணிந்து சொல்லலாம். மொத்தத்தில் 2 இறங்கினால், அல்லது அசைவில் 1 இறங்கினால், உடனே வைத்தியரை அழையுங்கள். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் காற்றுப்பாதையைத் தானாகக் காத்துக்கொள்ளமாட்டார் என்று கருதி மயக்கமருந்துப் பிரிவையும் கூப்பிட வேண்டும். தலையடிபட்டவருக்கு 15 வரும்வரை அரை மணிக்கொரு தடவை. வந்த பின் இரண்டு மணித்தியாலம் அரை மணிக்கொரு தடவை, அடுத்த நான்கு மணித்தியாலம் மணிக்கொரு தடவை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மண்டையோட்டுக்கு உள்ளே கட்டும் இரத்தத்தால் சில மணித்தியாலத்தில் மயங்குவதுண்டு. அதைப் பிடிப்பது இந்த அட்டவணைதான்.

கேள்வி: பாரிசவாத நோயாளியின் பிரஷர் 200/110. இறக்க வேண்டுமா, விட வேண்டுமா? உறைவைக் கரைக்கும் ஊசி போட்டவரை எப்படிப் பார்ப்பது?
– தாதி, கந்தளாய்

பதில்: ஸ்கான் சொல்லும். அடைப்பு, ஊசியும் போடவில்லை என்றால் பொதுவாக 220/120 வரை விட்டுவைப்பார்கள். ஊசி போடுவதானால் முன்னதாக 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும், போட்ட பின் ஒரு நாள் முழுவதும் 180/105க்குக் கீழே. இரத்தக் கசிவென்றால் மேல் அளவை 140க்கு அருகே மெதுவாகக் கொண்டுவருவார்கள். நிபெடிபின் குளிசையை உடைத்து நாக்கின் கீழ் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம், எவ்வளவு விழும் என்று கணிக்க முடியாது.

உறைவைக் கரைக்கும் ஊசியான அல்டிபிளேஸ் அளவு கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. எடையை ஊகிக்காமல் நிறுத்துப் பாருங்கள். 60 கிலோ என்றால் 54 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மி.கி. ஒரு நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணித்தியாலத்தில். கரைக்கும்போது குலுக்காமல் சுழற்றுங்கள். போத்தல் காலியானதும் கழற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. குழாய்க்குள் இன்னும் மருந்து நிற்கும்; அதே வேகத்தில் சேலைன் ஓடவிட்டு அதையும் உள்ளே அனுப்ப வேண்டும். கதீற்றர் (சிறுநீர்க் குழாய்), மூக்குக் குழாய் கட்டாயம் தேவையென்றால் ஊசிக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆனால் அதற்காக ஊசியைப் பிந்தவிடக் கூடாது.

முதல் 2 மணித்தியாலம் 15 நிமிடத்துக்கொரு தடவை, அடுத்த 6 மணித்தியாலம் அரை மணிக்கொரு தடவை, 24 ஆகும்வரை மணிக்கொரு தடவை: பிரஷரும் நரம்புச் சோதனையும். தலையிடி, சத்தி, பிரஷர் ஏற்றம், புதிய தளர்ச்சி வந்தால் முதலில் மருந்தை நிறுத்துங்கள், பிறகு அழையுங்கள். எனலாபிரில் வகைப் பிரஷர் குளிசை பாவிப்பவரின் உதடும் நாக்கும் வீங்கலாம், அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மறு ஸ்கான் பார்க்கும்வரை அஸ்பிரினும் ஹெப்பரினும் இல்லை.

வாய்வழி உணவுக்கு முன் விழுங்கும் சோதனை. நிமிர்ந்து இருக்கக்கூடியவரா, விழிப்பாக இருக்கிறாரா என்று பார்த்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர், மூன்று தடவை. இருமல், ஈரக் குரல், மூச்சு வாங்குதல் எதுவும் இல்லையென்றால் அரைக் குவளை. ஒன்று வந்தாலும் நிறுத்துங்கள்.

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுப்பது பயன் தருமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: தராது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும்; சாவி கொடுத்ததும் நின்றதாகத் தோன்றுவது அதனால்தான். சாவியைத் தேடாமல் மணிக்கூட்டைப் பாருங்கள். தலைக்குக் கீழ் மெத்தென்று எதையாவது வைத்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, துடிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் சரியுங்கள். பல்லுக்கிடையில் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது முழுமையாகத் தெளியாமல் அடுத்தது வந்தால், 1990. கர்ப்பிணி என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மக்னீசியம் சல்பேற்.

தாதியருக்கு: ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்புக்கு லொராசெபாம் 4 மி.கி. நாளத்தில், அல்லது டயசெபாம் 10 மி.கி. மெதுவாக. நாளம் கிடைக்காவிட்டால் தேடி நேரம் போக்காமல், 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு மிடசோலாம் 10 மி.கி. தொடைத் தசையில். மூச்சு நின்றுவிடும் என்று பயந்து அரை அளவு கொடுப்பதுதான் மருந்து வேலை செய்யாமல் போகப் பெரிய காரணம். நிற்காத வலிப்பே மூச்சை அதிகம் கெடுக்கும். ஆம்பு பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழு அளவைக் கொடுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த வலிப்பு மருந்து; பெனிற்றோயின் என்றால் கிலோவுக்கு 20 மி.கி.; 60 கிலோவுக்கு 1200. நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் கூடாது, ஆகவே குறைந்தது 24 நிமிடம். வயதானவருக்கு இன்னும் மெதுவாக. சேலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் பளிங்காகிப் படியும். இதய மொனிற்றர் இல்லாமல் ஓட விடாதீர்கள். பிரஷர் விழும், இதயத் துடிப்பு தடம் மாறும். கனூலா இருக்கும் கை ஊதா நிறமாகி வீங்கினால் உடனே நிறுத்துங்கள். லெவெற்றிரசிற்றம், வல்புரோவேற் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் இதன் வகையான பொஸ்பெனிற்றோயினுக்குச் சமமாக வேலை செய்கின்றன என்று 2019இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அதனால் கைக்கு விரைவாகக் கிடைப்பதே நல்லது.

கேள்வி: மானிற்றோல் போத்தலில் வெள்ளைப் பளிங்கு படிந்திருக்கிறது. பாவிக்கலாமா?
– தாதி, கிண்ணியா

பதில்: மூளை வீக்கத்தைக் குறைக்க ஏற்றும் இந்த மருந்தை அப்படியே பாவிக்கக் கூடாது. குளிரூட்டிய அறையில் 20 வீத மானிற்றோல் பளிங்காவது வழமை. சுடுநீரில் வைத்து முழுவதும் கரைந்த பின், உடல் வெப்பத்துக்கு ஆறவிட்டு, வடிகட்டி உள்ள குழாயால் ஏற்றுங்கள். கரையாவிட்டால் எறியுங்கள். 60 கிலோ உள்ளவருக்குக் கிலோவுக்கு அரைக் கிராம் என்றால் 30 கிராம், அதாவது 150 மி.லீ., 15 முதல் 30 நிமிடத்தில். சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் ஓடினால் பயன் இல்லை. சிறுநீர் கொட்டும் என்பதால் கதீற்றரும் மணிக்கணக்கு அளவும் தேவை. பிரஷர் விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் விழும்.

மருந்துக்கு முன்பே கையால் செய்யக்கூடியது உண்டு. கட்டில் தலைப்பக்கம் 30 பாகை, கழுத்து நேராக. சுவாசக் குழாயைக் கட்டிய நாடா கழுத்தை இறுக்கினால் மூளையிலிருந்து இரத்தம் வடிவது தடைப்படும்; அதைத் தளர்த்துவதே மண்டையோட்டுக்குள் அமுக்கத்தைக் குறைக்கும். சக்ஷன் (சளி உறிஞ்சல்) ஒவ்வொன்றும் 10 விநாடி, முன்னால் ஒட்சிசன். குளிப்பாட்டல், சக்ஷன், திருப்பிப் படுக்கவைத்தல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யாமல் இடைவெளி விடுங்கள். 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் மூளை வீக்கம் கூடும், சேலைனே ஏற்றது. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பரசிற்றமோல்.

கேள்வி: வயற்காவலுக்குப் போய் நிலத்தில் படுத்தவர். விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு கண்ணிமை விழுந்தது. இப்போது சுவாச இயந்திரத்தில் இருக்கிறார், கண்மணி விரிந்திருக்கிறது, எந்த அசைவும் இல்லை. “மூளை செத்துவிட்டதா?” என்று வீட்டார் கேட்கிறார்கள்.
– தாதி, தம்பலகாமம்

பதில்: கட்டுவிரியன் கடியாக இருந்தால், அவர் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இந்த நஞ்சு நரம்பு தசையோடு சேரும் இடத்தைத் தாக்குகிறது. கண்மணி விரிந்து நிற்பதும் அந்தத் தளர்ச்சியாலேயே. இங்கே கிளாஸ்கோ அளவை 3 என்று வருவதில் பொருளில்லை. கட்டிலடியில் நின்று பிழைக்கமாட்டார் என்று யாரும் பேசக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், செய்யப்போவதைச் சொல்லிச் செய்யுங்கள், விரல் நுனியிலோ கால் பெருவிரலிலோ சிறு அசைவு மிஞ்சியிருந்தால் அதையே ஆம், இல்லை என்று பேசும் வழியாக்குங்கள். தூக்கமருந்தும் வலிமருந்தும் அவருக்குத் தேவை, அசையாததால் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். மூடாத கண்ணுக்குக் களிம்பு பூசி ஒட்டிவிடுங்கள், கருவிழி காய்ந்தால் பார்வை போகும். சில நாட்களில் நரம்பு முனைகள் திரும்ப வளர, அவர் எழுந்துவருவார். அதுவரை நியூமோனியாவும் படுக்கைப் புண்ணும் வராமல் காப்பது உங்கள் வேலை.

கடிபட்டுப் புதிதாக வருபவருக்கு: பல் அடையாளம் தெரியாமலும் வலியில்லாமலும் இருக்கலாம். இமை, கண் அசைவு, வாய் திறக்கும் அகலம், தலையணையிலிருந்து தலை தூக்குதல், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்பவற்றை 15 நிமிடத்துக்கொரு தடவை எழுதுங்கள். 30 வரை எண்ணியவர் 18க்கு இறங்கினால் ஒட்சிசன் அளவு 98 என்று காட்டினாலும் அழையுங்கள். அது கடைசியில்தான் விழும். கால் தொடங்கி மேலே ஏறும் கியான் பாரே தளர்ச்சிக்கும் இதே எண்ணும் சோதனைதான்.

நஞ்செதிர் மருந்து வழமையாக 10 குப்பி, ஒவ்வொன்றும் 10 மி.லீ. நீரில் குலுக்காமல் கரைத்து, சேலைனோடு 500 மி.லீ. ஆக்கி ஒரு மணித்தியாலத்தில். ஒவ்வாமை அடிக்கடி வரும் என்பதால் ஏற்றுவதற்குச் சற்று முன் அட்ரினலின் 0.25 மி.கி. தோலுக்குக் கீழ், இதன் பயனை 2011இல் இலங்கையிலேயே செய்த ஆய்வு நிறுவியது. அப்படியும் கடும் ஒவ்வாமை வந்தால் மருந்தை நிறுத்தி அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில். ஏற்கெனவே வந்த தளர்ச்சியை நஞ்செதிர் மருந்து திருப்பாது, ஆகையால் இமை தூக்கவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

கேள்வி: புல்மோட்டையிலிருந்து தலையடி நோயாளியைத் திருகோணமலைக்கு ஏற்றிச் செல்லும்போது எதை மறக்கக் கூடாது?
– அம்புலன்ஸில் கூடச் செல்லும் தாதி

பதில்: ஒட்சிசன் கணக்கு. 680 லீற்றர் சிலிண்டரில் நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடினால் 68 நிமிடம்தான். பயண நேரத்தின் இரு மடங்குக்குப் போதுமான அளவை ஏற்றுங்கள். கழுத்துப் பட்டி, சக்ஷன், ஆம்பு பை, ஓடும் இரண்டு கனூலா. மேல் பிரஷர் 90க்குக் கீழ் ஒரு தடவை விழுந்தாலும் அடிபட்ட மூளைக்கு அது இரண்டாவது அடி. 50 வயதுக்குக் குறைந்தவருக்கு 110க்கு மேல் வைத்திருங்கள். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், கண்ணைச் சுற்றிக் கன்றியிருந்தால், மூக்கு வழியாக எந்தக் குழாயும் போடாதீர்கள். மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தக் கசிவைக் குறைக்கும் ரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில் கொடுக்கப்பட்டதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கொடுத்திருந்தால் நேரத்தை எழுதுங்கள். புறப்படும்போதும் ஒவ்வொரு 15 நிமிடத்திலும் கண், பேச்சு, அசைவு, இரு கண்மணி. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்காமல், எடுத்துக்கொள்ளும் தாதியின் கையில் கொடுத்து, அவர் முன்னிலையில் ஒரு தடவை சேர்ந்து பாருங்கள்.